உம்மு ஷுக்ரி வாங்கிய டியூப்

என் தம்பி பெண்டாட்டி ஹனாதிக்கு யோசனை தோன்றினால் எனக்குப் பயம். கெட்ட யோசனை என்பதால் அல்ல. அவள் தொடங்கிய எதையும் பாதியில் விட மாட்டாள் என்பதால். தம்பி நாயிஃப் அகபா துறைமுகத்தில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தான். மேல் மாடியில் அவள், கீழே நான். இடையில் படிக்கட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள்.

காஸ் ஹீட்டருக்கான சாமான்கள் விற்றாள். ரெகுலேட்டர், வாஷர், கிளிப், சிலிண்டரிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ரப்பர் டியூப். எங்கள் அம்மான் நகரத்தில் குளிர் இறங்கிவிட்டால் எந்த வீட்டிலும் ஒரு அறைதான் உயிரோடு இருக்கும். ஹீட்டர் இருக்கும் அறை. சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியார் மருமகள் சண்டை எல்லாம் அங்கேதான். ஆகவே டியூப் விற்காமல் போகாது என்று அவள் கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். ஆனால் செல்போன் ஆப்பில் நடக்கும் ஆன்லைன் சந்தையில் அதே டியூப்பை ஊரில் பாதிப் பேர் விற்றார்கள். இவள் பெயர் வரும் பக்கத்துக்கு விரலால் தள்ளித் தள்ளிப் போவதற்குள் வாங்க வந்தவனுக்குக் கோடை வந்துவிடும்.

"காசு கட்டினா முதல்ல காட்டுவாங்களாம் அக்கா. மூலையில சின்னதா 'விளம்பரம்'னு போடுவாங்க, அவ்வளவுதான். யாராவது அமுக்கிப் பாத்தா மட்டும் காசு பிடிப்பாங்க."

"வாங்கினாலா, பாத்தாலா?"

"பாத்தாலே."

"நல்லா இருக்குடி. விக்கறதுக்கு ஒரு கமிஷன், எட்டிப் பாக்கறதுக்கு ஒரு கமிஷன். மூச்சு விடறதுக்கு எப்ப வாங்கப்போறாங்களாம்?"

அவள் சிரித்துவிட்டுக் காசு கட்டினாள். நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்?

மறுநாளே ஆர்டர் வந்தது, பெயரும் ஏரியாவும் போட்டு. உம்மு ஷுக்ரி, மர்க்கா. அது போய்ச் சேர்ந்த அன்றே ஐந்து நட்சத்திரம். கீழே எழுதியும் இருந்தாள்: "தங்கமான பெண். அவளிடமே வாங்குங்கள். அல்லாஹ் அவள் கையில் பரக்கத் கொடுக்கட்டும்." ஹனாதி படிக்கட்டில் குதித்து இறங்கி வந்து போனை என் மூக்கில் இடித்தாள்.

"பாத்தியா? இப்ப என்ன சொல்றே?"

"டியூப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே, உன்னைப் பத்தித்தானே இருக்கு."

"பொறாமை."

பொறாமையில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் ஆட்கள் விளம்பரத்தை அமுக்கினார்கள். விடிகாலையில்தான் அதிகம். ஹனாதி அதைப் பார்த்து உற்சாகமாகி இன்னும் காசு கட்டினாள். அமுக்குகிறவர்கள் வாங்கவில்லை, அதுதான் வேடிக்கை. "நாலு பேரு பாத்தாத்தான் ஒருத்தர் வாங்குவாங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பிறகு வடக்கிலிருந்து பனிக்காற்று வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகவே விற்றது. ஸர்கா, சால்ட், ஜபல் நஸீஃப் என்று பல இடங்களுக்குப் போனது, தூரத்து இர்பித்தில்கூட ஒருவர். டியூப்பைச் சுருட்டிப் பையில் போடுவது என் வேலை. ஒட்டுவது அவள் வேலை.

இப்படியே போயிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மேலே ரொட்டியும் ஃபூல் என்கிற மொச்சை மசியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போனில் ஆப் மணியடித்தது. சால்ட்டில் வாங்கியவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். எங்கள் டியூப். ஹீட்டர் பக்கத்து முனையில் நீளவாக்கில் வெடித்திருந்தது. உள்ளே நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: "தங்கச்சி, எங்களை எரிச்சுக் கொல்லப் பாத்தியா? நாத்தம் வந்து எங்கம்மா எழுப்பலேன்னா நாங்க இப்ப மண்ணுக்குள்ள."

ஹனாதியின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. எழுந்து போய், விற்காமல் வைத்திருந்த ஒரு டியூப்பை எடுத்துக் கையால் மடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதை எங்கள் ஹீட்டரின் சூடான தகட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மறுபடி மடித்தாள். படக்கென்று ஒடிந்தது. டவுன்டவுன் வியாபாரி ஐரோப்பாச் சரக்கு என்று சொல்லி விற்றிருந்தான். மேலே முத்திரைகூட அழகாகக் குத்தியிருந்தது. அந்த முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். எத்தனை டியூப்பை இந்தக் கையால் சுருட்டிப் போட்டேன்! ஒவ்வொன்றும் ஒரு வீட்டில். ஒவ்வொரு வீட்டிலும் ஹீட்டர் அறையில் கதவிடுக்கில் போர்வையைத் திணித்துக்கொண்டு பிள்ளைகள் தூங்கும்.

"போன் பண்ணு, எல்லாருக்கும் போன் பண்ணு" என்று கத்தினேன்.

"நம்பர் இல்லக்கா. நம்பரையும் விலாசத்தையும் மறைச்சிடுவாங்க. பேரும் ஏரியாவும்தான் தெரியும்."

சந்தைக்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை. ஒரு இயந்திரக் குரல் நன்றி சொல்லிவிட்டு அரபியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை பொறுமை காக்கச் சொன்னது. நான் அந்தக் குரலைத் திட்டிய திட்டை எழுத முடியாது.

ஆப்பில் செய்தி அனுப்பும் பெட்டி மட்டும் இருந்தது. ஹனாதி ஒவ்வொருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். "சிலிண்டரை மூடுங்கள். டியூப்பைக் கழற்றுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், பதில் மட்டும் போடுங்கள்." பிறகு போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த பிரார்த்தனைகளையெல்லாம் முணுமுணுத்தேன்.

ஸர்காக்காரி முதலில் பதில் போட்டாள். கழற்றிவிட்டாளாம். இர்பித் ஆள் திட்டினான். அந்தத் திட்டு எங்களுக்குத் தேன் மாதிரி இருந்தது. ஜபல் நஸீஃப் ஆள் இன்னும் மாட்டவே இல்லையாம், சோம்பேறி, அவனுக்கு ஆயுசு நூறு. ஒவ்வொரு பதிலுக்கும் ஹனாதி மூச்சு விட்டாள். மத்தியானத் தொழுகைக்குள் எல்லோரும் பதில் போட்டுவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

உம்மு ஷுக்ரி, மர்க்கா. செய்தியைத் திறந்து பார்த்த அடையாளமே இல்லை.

"முதல்ல வாங்கினவ" என்றாள் ஹனாதி. அவள் உதடு வெளுத்திருந்தது. "எல்லாருக்கும் முன்னாடி மாட்டினவ. சால்ட்காரங்களதே வெடிச்சிடுச்சுன்னா..."

நான் போனை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"மர்க்காலதானே உங்கம்மா இருக்காங்க?" என்றேன். "அங்க உம்மு ஷுக்ரின்னு யாருன்னு கேளேன். அவங்களுக்குத் தெரியாத ஆளா?"

ஹனாதியின் அம்மா உம்மு காஸிக்கு அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரியும். ஒரு நாளில் நாலு தடவை மகளைக் கூப்பிடும் மனுஷி. ஹனாதி போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"நேத்துலேருந்து சளி, காய்ச்சல்னு சொன்னா. மாத்திரை போட்டுத் தூங்கறா போல."

பிறகுதான் பார்சல்காரர் அபூ தலால் எனக்கு ஞாபகம் வந்தார். எங்கள் பார்சல்களை அவர்தான் எடுத்துப் போவார். தொழுகை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஹனாதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, மர்க்காவுல உம்மு ஷுக்ரின்னு ஒரு அம்மாவுக்கு டியூப் குடுத்தீங்களே, எந்த வீடு?"

"மர்க்காவா? இருமா... ஆமா, ஆமா! மறக்க முடியுமா? நல்ல வயசான அம்மா. என்னை விடவே இல்ல. பை நிறைய ஆரஞ்சு குடுத்து, இதை விக்கற பொண்ணை நீ பாப்பியா, எப்படி இருக்கா, இளைச்சிருக்காளா, சிரிக்கறாளான்னு ஒரே கேள்வி. எனக்கே சிரிப்பு. டியூப் வாங்கறவங்க டியூப்பைப் பத்திக் கேப்பாங்க, இந்தம்மா..."

"எந்த வீடு மாமா?"

"சோபாவுக்கு உறை தைக்கற கடை இருக்குல்ல, பழைய ரயில் பாதை பக்கம். அதுக்கு மேல முதல் மாடி."

ஹனாதி என் பக்கம் திரும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் அந்த வீடு தெரியும். ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த சோபாக்கடைக்கு மேலே ஏறித்தான் நாங்கள் மஆமூல் பலகாரம் தின்போம்.

"அது எங்கம்மா வீடு" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அபூ தலால் தீயணைப்புக்குத் தானே போன் பண்ணுவதாகச் சொன்னார். ஹனாதி வீட்டுச் செருப்போடு ஓடினாள். நான் அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஐஸ் கலந்த மழை, ஒரு டாக்சி இல்லை. கடைசியில் நின்றவன் காலியாக வந்த ஒரு காய்கறி வேன்காரன். ஹனாதி சொன்னதைக் கேட்டதும் அவன் உடனே கதவைத் திறந்தான்.

வழியெல்லாம் அவள் போன் போட்டுக்கொண்டே வந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. சோபாக்கடை நம்பரையும் போட்டாள். கடை மூடியிருந்தது. மேல் மாடிக்காரர்கள் குவைத்தில். அந்தக் கட்டடத்தில் உம்மு காஸியைத் தவிர மூச்சு விடும் ஜீவன் வேறு இல்லை.

"அவளுக்கு நான் ஒண்ணும் குடுக்கலக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவ ஹீட்டருக்குப் போன வருஷம்தான் நல்ல டியூப் போட்டுக் குடுத்தேன். அது நல்லாத்தான் இருக்கு. அவளுக்கு எதுக்கு இன்னொண்ணு?"

"மாட்டியிருக்க மாட்டாங்கடி."

"மாட்டியிருப்பா. எனக்குத் தெரியும் அவளை."

மஹத்தா மேட்டில் வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று நின்றன. வேன்காரன் நடைபாதையில் ஏற்றி ஓட்டினான். நான் பயத்தில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். என் பயம் வண்டியைப் பற்றியது அல்ல. மர்க்காப் பக்கம் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மேகமா புகையா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

புகை இல்லை. கட்டடம் அப்படியே நின்றது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. இடுக்குகளில் குளிருக்காகத் துணி அடைத்திருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது.

படிக்கட்டில் கால் வைத்ததுமே நாற்றம். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். உள்ளே இருட்டாக இருந்தது. என் கை பழக்கத்தில் படிக்கட்டு விளக்கு சுவிட்சுக்குப் போனது. ஹனாதி என் கையில் ஓங்கி அடித்தாள்.

"எதையும் தொடாத! போனை அணை! இல்ல, அதையும் தொடாத, வெளிய தூக்கிப் போடு!"

இரண்டு போன்களையும் தெருவில் நின்ற வேன்காரனிடம் வீசினேன். அவள் மேலே ஓடினாள். கதவுக்கு முன்னால் போய் நின்று அழைப்பு மணிக்கு விரலை நீட்டியவள், சட்டென்று விரலை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அந்தச் சின்ன வெள்ளைப் பொத்தானைப் பார்த்தோம். இவ்வளவு நேரமாக நாங்கள் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தோம், உள்ளே அது மணியடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பொறி பறந்திருந்தால்?

"யம்மா!" ஹனாதி இரண்டு கையாலும் கதவில் குத்தினாள். "யம்மா, கதவைத் திற! யம்மா!"

பதில் இல்லை. நானும் குத்தினேன். செருப்பைக் கழற்றி அடித்தேன். அவள் தோளால் இடித்தாள். இரும்புக் கதவு. திருடனுக்குப் பயந்து மகள்தான் போன வருஷம் போட்டுக் கொடுத்தாள். கதவுக்குக் கீழே இடுக்கில் போர்வை திணித்திருந்தது. ஹனாதி தரையில் படுத்து விரலை விட்டு அதை இழுத்தாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, அவள் கவனிக்கவில்லை. போர்வை கொஞ்சம் நகர்ந்ததும் குப்பென்று வெளியே வந்த காஸில் எனக்குத் தலை சுற்றியது. தரையோடு தரையாகப் படுத்திருந்தவள் அதை நேராக முகத்தில் வாங்கினாள். இருமிக்கொண்டே இழுத்தாள்.

உள்ளே ஏதோ நகரும் சத்தம். செருப்பு தேயும் சத்தம். பிறகு அடைத்த மூக்கோடு ஒரு குரல்.

"யாரது, கதவை உடைக்கறது? வெக்கமில்ல? நோயாளி தூங்கற வீடு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "திறங்கம்மா, சமீஹா நான், ஹனாதியும் வந்திருக்கா, லைட் போடாதீங்க!"

"ஹனாதியா? இந்த மழையிலயா? இரு, இரு, டீக்கு வச்சிட்டு வரேன், நனைஞ்சிருப்பா பாவம்..."

"டீ வேணாம்!" ஹனாதி தொண்டை கிழியக் கத்தினாள். "யம்மா, அடுப்புப் பக்கம் போகாத! தீப்பெட்டியைத் தொடாத! யம்மா, உன் காலைப் பிடிக்கறேன், முதல்ல கதவு!"

செருப்புச் சத்தம் விலகிப் போவதுபோல் எனக்குக் கேட்டது. நான் கண்களை இறுக மூடிக்கொண்டு சாகும் நேரத்தில் சொல்லும் ஷஹாதாவைச் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு மனசார நான் சொன்னதில்லை.

சங்கிலி கழன்றது. கதவு திறந்தது. சால்வையைத் தலையோடு சுற்றிய உம்மு காஸி, ஒரு கையில் லைட்டர், மூக்கு சிவந்து வீங்கி, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. ஹனாதி அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டரை வாங்கினாள். அம்மாவை என்மேல் தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சிலிண்டரைத் திருகும் சத்தம், ஜன்னல்கள் திறக்கும் சத்தம். அவள் திரும்பி வரும்வரை நான் அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவள் கையில் எங்கள் டியூப் இருந்தது. சால்ட் படத்தில் பார்த்த அதே வெடிப்பு. நல்லவேளை, தூங்கப் போகும்போது அந்த அம்மா ஹீட்டரை அணைத்திருந்தாள், சிலிண்டரைத்தான் மூடவில்லை.

அம்மாவைத் தெருவுக்குக் கொண்டுவந்து, மூடியிருந்த சோபாக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார வைத்தோம். வேன்காரன் தன் கம்பளியைக் கொடுத்தான். தீயணைப்பு வண்டியின் ஊதல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"உம்மு ஷுக்ரி யாரும்மா?" என்றாள் ஹனாதி.

உம்மு காஸி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும்."

"யம்மா."

"சரி, நான்தான். என்ன இப்போ? நான் காசு குடுத்தா வாங்கறியா நீ? கல்யாணம் ஆனவ அம்மாகிட்ட கை நீட்டக்கூடாதுன்னு ரோஷம். வேற எப்படிக் குடுக்கறதாம்? எதிர்வீட்டுப் பொண்ணு போன்ல பேரை மாத்திப் போட்டுக் குடுத்தா."

"வாங்கினே, சரி. எதுக்கு மாட்டினே? நல்ல டியூப்பைக் கழட்டிட்டு எதுக்கு மாட்டினே?"

"என் பொண்ணு விக்கற டியூப் வீட்ல இருக்கறப்ப ஊரான் விக்கறதை எதுக்குடி மாட்டணும்?"

நான்தான் கேட்டேன், செய்தி அனுப்பினோமே, ஏன் பார்க்கவில்லை என்று.

"செய்தியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நட்சத்திரம் போடத் தெரியும். அப்புறம் அமுக்கத் தெரியும்."

"எதை அமுக்க?"

"இவ விளம்பரத்தைத்தான்! ஆளுங்க அமுக்க அமுக்க மேல ஏறும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதனால தினமும் விடிகாலைல ஃபஜ்ரு தொழுதுட்டு உக்காந்துடுவேன். அமுக்குவேன், வெளிய வருவேன், மறுபடி அமுக்குவேன். என் போன்ல, எதிர்வீட்டுப் பொண்ணு போன்ல, அவ அம்மா போன்ல. விரலே வலிக்கும். ஒரு நாள் விட்டதில்ல தெரியுமா, காய்ச்சல்லகூட இன்னிக்குக் காலைல அமுக்கினேன்."

நான் ஹனாதியைப் பார்த்தேன். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவள்தான் காசு கட்டினாள். விடிகாலையில் ஊரே வந்து எட்டிப் பார்க்கிறது என்று நம்பி மேலும் மேலும் கட்டினாள். எனக்கு வாய் துறுதுறுவென்றது. ஹனாதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

உம்மு காஸி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது போலிருந்தது.

"ஏன்டி, உனக்கு அது உதவிச்சா, இல்லையா?"

"உதவிச்சும்மா. ரொம்ப உதவிச்சு."

"அப்ப நாளைக்கும் அமுக்கறேன்" என்றாள் நிம்மதியாக.

ஹனாதி ரத்தம் வழிந்த தன் கையால் அம்மாவின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். தீயணைப்பு வண்டி வந்து, ஆட்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, இனி பயமில்லை என்று சொன்ன பிறகும் அவள் அதை விடவில்லை.